ஓரானா செய்த பொய்ச்சத்தியம்

மொந்தேகு ஆற்றங்கரையில் ஃபொந்தேலா என்று ஒரு சிற்றூர். அங்கே ஓரானாவின் நிலத்தில் மட்டும் வரி வாங்குகிறவன் கால் வைக்க மாட்டான். வேலியோரம் நட்டிருந்த கல்லைப் பார்த்ததும் கழுதையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அவள் புருஷன் பாயோ ஒன்றும் பெரிய வம்சம் இல்லை. தினை விதைத்தும் ஆலிவ் உலுக்கியும் பிழைத்த குடியானவன்தான். அந்தக் கல் ஓரானாவின் தாய்ப்பாலால் வந்தது. பெரிய இடத்துப் பிள்ளையை எந்த வீட்டில் பால் கொடுத்து வளர்க்கிறார்களோ, அந்த வீட்டு நிலத்துக்கும் அதை ஒட்டிய நாலு வீட்டு நிலத்துக்கும் வரி கிடையாது. அந்த நாட்டு வழக்கம் அது. அவள் வளர்த்ததோ அரசரின் பிள்ளையை.

அரசியின் பிள்ளை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அரசர் வேட்டைக்குப் போன திசையிலெல்லாம் ஒரு தொட்டில் ஆடியது. அரசியைத் தவிர வேறு யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. ஓரானா வளர்த்த நூனோவைப் பெற்றவள் கோயிம்பிராவில் ஒரு குதிரைவீரனின் மகள். பிள்ளை பிறந்ததும் அவளைக் கன்னியர் மடத்தில் தள்ளினார்கள். பிள்ளையைக் கூடையில் வைத்துக் கோவேறு கழுதை மேல் ஏற்றி இங்கே அனுப்பினார்கள்.

அப்போது ஓரானாவுக்கும் கைக்குழந்தை இருந்தது. பெயர் மெந்தோ. கூட வந்த அரண்மனை ஆள் கறாராகச் சொன்னான், பால் அரசர் பிள்ளைக்கு மட்டும்தான் என்று. மெந்தோவுக்கு ஆட்டுப்பால் ஊட்டினார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, வெயில் காலம் பிறக்கும் முன்பே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். பக்கத்து வீட்டுத் தோர்தியா குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தாள். பாயோ தேவாலயச் சுவரோரம் குழி வெட்டினான். ஓரானா அழுதுகொண்டே நூனோவுக்குப் பால் கொடுத்தாள். அவனை வெறுத்துவிடலாம் என்று முயன்றும் பார்த்தாள். எங்கே வெறுக்க? அது சிரித்துத் தொலைத்தது.

பால்பல் விழும்வரை நூனோ அங்கேயே வளர்ந்தான். சேற்றில் புரண்டான், கஷ்கொட்டை பொறுக்கினான், பாயோவின் பின்னாலேயே திரிந்தான். தோர்தியாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"அரசர் பிள்ளையாமே! காதைப் பாருடி, அப்படியே உன் புருஷன் காது. முறம் மாதிரி."

"உன் கொள்ளிக்கண்ணை அந்தப் பக்கம் திருப்புடி" என்பாள் ஓரானா. இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அந்தக் கேலி ஊருக்கெல்லாம் தெரியும்.

பிறகு அவனை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குதிரையை நிறுத்தி, "ஆயா, பசிக்குது" என்று நேரே சமையல்கட்டுக்குள் வந்துவிடுவான். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான். ரொட்டியும் உப்பு மத்தி மீனும் வைத்தால் போதும். பாயோ இறந்தபோது வந்து பெற்ற மகன் மாதிரி பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அரசருக்கு வயதாக ஆக, அரசி பெற்ற இளவரசரைவிட நூனோவின் மேல் பிரியம் கூடிப்போனது. முறை தவறிப் பிறந்தவனை முறைப்பிள்ளை என்று அறிவிக்க அரசருக்கு அதிகாரம் உண்டு. அறிவிக்கப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது, அறிவித்தே விட்டார் என்று இன்னொரு பேச்சு கிளம்பியது. அதற்குள் மனிதர் கண்ணை மூடிவிட்டார். இளவரசர் முடி சூடினார். நூனோவைச் சுற்றியிருந்த பிரபுக்கள் அவனை ஒரு கோட்டையில் உட்காரவைத்து, நீதான் அரசன் என்றார்கள். அவர்களுக்கென்ன, போனால் போவது அவன் தலைதானே! குளிர்காலம் முடியும் முன்பே கோட்டை விழுந்தது.

ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடுமிடத்தில் தோர்தியாதான் செய்தி சொன்னாள்.

"ஓரானா, முதல்ல உக்காரு. உக்காந்துட்டுக் கேளு. நூனோவைப் பிடிச்சுக் கோயிம்பிராக் கோட்டையில அடைச்சிருக்காங்களாம்."

"உயிரோட இருக்கானா?"

"ஈஸ்டர் வரைக்கும் இருப்பானாம். நோன்புக் காலத்துல தலையை எடுக்க மாட்டாங்களாம்."

ஓரானா ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று முதல் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். இன்னொன்றையும் கொடுக்கத் தெம்பில்லை.

நோன்பு பாதி கழிந்தபோது புது அரசரின் நீதிபதி வந்தார். பெயர் சுவெய்ரோ, நிதானமான மனிதர். பங்குச் சாமியாரும் நற்செய்திப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அவர் அந்த ஊருக்குப் புதிது. சுவெய்ரோ ஓரானா கொடுத்த திராட்சை மதுவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, ஊர்ல ஒரு பேச்சு இருக்காமே. நூனோவோட காது உன் புருஷன் காதுன்னு."

"அது வெட்டிப் பேச்சுங்க ஐயா."

"அவசரப்படாதே. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் பதில் சொல்லு. அன்னிக்குக் காய்ச்சல்ல செத்தது அரசர் பிள்ளைன்னு வை. நீ பயந்துபோய் உன் பிள்ளையை அந்தத் தொட்டில்ல போட்டுட்டேன்னு வை. அப்போ கோட்டையில கிடக்கறவன் யாரு? ஒரு குடியானவன். அவன் தலையை எடுத்து யாருக்கு என்ன லாபம்?"

"அரசர் பிள்ளையா இருந்தா?"

"அப்போ லாபம் இருக்கு."

தம்பியைக் கொன்றவன் என்ற பெயரோடு ஆட்சியைத் தொடங்கப் புது அரசருக்கு மனமில்லை. அரசியல் தெரியாத ஓரானாவுக்கும் அது புரிந்துவிட்டது.

"பயத்துல பண்ணினதுன்னு உனக்கு மன்னிப்பு உண்டு" என்றார் சுவெய்ரோ. "ஆனா அந்தக் கல்லைப் பிடுங்கிடுவோம். நீயும் வரி கட்டணும், சுத்தியிருக்கற வீட்டுக்காரங்களும் கட்டணும்."

நிலம் கிடக்கிறது நிலம். அவளுக்கு உறைத்தது வேறு. புத்தகத்தில் கைவைத்துப் பொய் சொன்னால் நரகம். பக்கத்து ஊர்ச் சந்தை இருக்கிறது என்று எப்படி நம்பினாளோ அப்படியே நரகமும் இருக்கிறது என்று நம்பியவள் அவள். அதைவிடப் பெரிய கஷ்டம் மெந்தோ. இந்த உலகத்தில் அவனுக்கென்று இருந்ததே அந்தச் சுவரோரத்து மண்ணும் ஒரு பெயரும்தான். அந்தப் பெயரையும் இப்போது அவன் தாயே பிடுங்க வேண்டும். செத்த பிள்ளையிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"செத்தது அரசர் பிள்ளை. உயிரோட இருக்கறது என் மகன் மெந்தோ."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சுவெய்ரோ அதோடு விடவில்லை. "பிணத்தைக் குளிப்பாட்டினது யாரு? கூப்பிடுங்க" என்றார். ஓரானா இதை எதிர்பார்க்கவில்லை. தோர்தியாவின் கையில் கிடந்தது எந்தக் குழந்தை என்று தோர்தியாவுக்குத் தெரியும். அவள் நிலமும் அந்தக் கல்லை நம்பித்தான் இருந்தது. இரண்டு பேரும் கலந்து பேசவும் நேரமில்லை.

தோர்தியா வந்தாள். நீதிபதி கேட்டதைக் கேட்டாள். தன் வயலை ஒரு முறை பார்த்தாள், ஓரானாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"நல்லாக் கேட்டீங்க! இருபது வருஷமா நானும் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன். அந்தக் காதைப் பாத்தாலே தெரியலையா ஐயா?" என்று சொல்லிப் புத்தகத்தில் பட்டென்று கையை வைத்தாள்.

அன்றைக்கே கல்லைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போன பிறகு தோர்தியா ஓரானாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நரகத்துக்கு நான் தனியாப் போக மாட்டேன், சொல்லிட்டேன். நீயும் கூட வரணும். என் பங்கு வரிக்கும் நீதான் கோழி வளக்கணும்."

ஓரானா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஈஸ்டர் முடிந்து நூனோ நடந்தே வந்தான். முரட்டுக் கம்பளிச் சட்டையும், ஒட்டிப்போன முகமுமாக இருந்தான். எப்போதும் உள்ளே வருகிறவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உண்மையா ஆயா?"

"புத்தகத்துல கை வெச்சுச் சொல்லியிருக்கேனே."

"நான் கேட்டது அது இல்ல."

"உள்ள வா. சூப் ஆறுது."

"எனக்காக எத்தனை பேர் செத்தாங்க தெரியுமா? ஒரு குடியானவனுக்காகவா செத்தாங்க? சொல்லு!"

அவள் கதவை இன்னும் அகலத் திறந்துவைத்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே எங்காவது ஒரு குதிரை கிடைத்துவிடும். அவனை மறுபடியும் உட்காரவைக்க ஒரு கோட்டையும், தூண்டிவிடப் பத்துப் பேரும் கிடைப்பார்கள். அப்புறம் எந்தச் சத்தியமும் அவனைக் காப்பாற்றாது. ஊருக்குச் சொன்ன பொய்யை இவனிடமிருந்துதான் அதிகமாகக் காக்க வேண்டும் என்று அந்த வாசலில்தான் அவளுக்குப் புரிந்தது. அவன் இருட்டும்வரை வெளியே நின்றான். பிறகு வந்து சூப்பைக் குடித்தான்.

ஊரார் அவனை மெந்தோ என்று கூப்பிடப் பழகினார்கள். ஒவ்வொரு முறையும் ஓரானாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அவன் களைக்கொத்தைப் பிடித்த அழகை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. "ராசகுமாரா, களையை விட்டுட்டுப் பயிரைக் கொத்துறியே!" என்று தோர்தியா கத்தியபோது முதல் முறையாக அவன் சிரித்தான்.

திராட்சை பறிக்கும் முன்பு அல்கோபாசா மடத்துத் துறவிகள் வண்டியோடு வந்தார்கள். குழந்தையாகவே இறந்த தம் தம்பியின் எலும்புகளை அரச வம்சத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே வைக்கப் புது அரசர் ஆணையிட்டிருக்கிறார் என்றார்கள். செத்த தம்பியால் என்ன தொல்லை, மரியாதை செய்துவிட்டுப் போகலாமே. இது இப்படி வந்து முடியும் என்று ஓரானா நினைத்தே பார்த்ததில்லை.

"இடத்தைக் காட்டும்மா" என்றார் மூத்த துறவி.

வேறு ஒரு குழியைக் காட்டிவிடலாமா என்று நினைத்தாள். பக்கத்துக் குழியில் மாவு அரைக்கிறவனின் மகள் கிடந்தாள். அந்தக் குழந்தையின் தாய் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஓரானா சரியான இடத்தையே காட்டினாள்.

எலும்புகள் ஒரு கைக்குள் அடங்கும்போல இருந்தன. அவற்றைச் செதுக்கிய பெட்டியில் வைத்துப் பட்டுத்துணி போர்த்தினார்கள். ஊரே முழங்காலிட்டது. ஓரானாவும் தன் பிள்ளைக்கு முன்னால் முழங்காலிட்டு வாய்விட்டு அழுதாள். பால் கொடுத்தவள் அழத்தானே செய்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வண்டி சரிவில் இறங்கிப் போனது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அன்றைக்குத்தான் அவன் குரலில் கோபம் இல்லை.

"பாவம் அந்தப் பிள்ளை. அவன் பங்குப் பாலையும் சேத்து நான்தான் குடிச்சிருப்பேன், இல்லம்மா?"

அம்மா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓரானா வண்டி போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "நீதான் குடிச்சே."