எட்டாம் எண் பனியன்

மாலை நாலே காலுக்கு விளையாட்டு வாத்தியார் ஆட்டத் தாளைப் பார்த்து ஆளுக்கான புள்ளிகளைப் பலகையில் எழுதியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. செஞ்சியில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்குக் கூடையடியில் நின்று ஆடும் சென்டர்கள் இரண்டு பேர்: என் மகனும் சிங்கவரத்துப் பையனும். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை இருவரில் ஒருவருக்கு. கடைசி இரண்டு ஆட்டங்களையும் கோட்டோரம் நின்று பார்த்தவன் நான். பந்தைக் கூடையில் போட்டவன் என் மகன். பலகையில் புள்ளிகள் மற்றவனுக்கு.

வாத்தியார் வீட்டுக்குச் சிங்கவரத்திலிருந்து மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான், லஞ்சமாகப் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். "வுடு நைனா, யார் வாங்கினா இன்னா?" என்று மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அது சந்தேகத்தைக் கூட்டியது.

மறுநாள் காலை வாத்தியாரிடம் சண்டை போடக் கிளம்பினேன். வாசலில் சிங்கவரத்துப் பையனின் அம்மா நின்றிருந்தார். கையில், துவைத்து மடித்த எட்டாம் எண் பனியன். என் மகனுடையது.

"எம் புள்ளைக்கி அஞ்சாம் நம்பரு இறுக்கமாப் போச்சிண்ணா. ரெண்டு ஆட்டமா உங்க புள்ளதான் தன்னோடத குடுத்துட்டு அத மாட்டிக்கிச்சி."

நான் மகனின் முகத்தைத்தான் பார்த்திருந்தேன், முதுகை அல்ல.

"ஆட்டத்துல தாள்ல புள்ளி எழுதனவரு வெளியூரு. நம்பரப் பாத்துதான எழுதுவாரு? வாங்க, வாத்தியார்கிட்ட நானே சொல்றேன்," என்றார்.