வெள்ளை டப்பா

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய டப்பா விற்கும் அண்ணாச்சிக்கு ஒல்லி உடம்பு, பெரிய மூக்கு. எதையும் மூடி திறந்து முகர்ந்த பிறகே கையில் தருவார்.

எங்கள் வீட்டுப் பலகை விளையாட்டு, கூடுதல் பாகங்கள் வாங்கி வாங்கிப் பெருத்துவிட்டது. அதன் குட்டிக் காய்களைப் பிரித்துப் போட மலிவாக டப்பா தேடி இரண்டாம் முறை போனேன். முதல் முறை கடையில் அவர் மனைவிதான் இருந்தார்.

“உங்க மூக்குகிட்ட எங்க ராஜபாளையத்து நாயே தோத்துரும் அண்ணாச்சி.”

சிரித்தார்.

“போன தடவை மதினி குடுத்த வெள்ளை டப்பா அளவாப் பொருந்திருச்சு.”

சிரிப்பு நின்றது. “வெள்ளையா? அது பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பால்லா! உடைக்க வச்சிருந்தேன். கழுவி வித்துட்டாளா? வீட்ல சின்னப்பிள்ளை உண்டா?”

“மக இருக்கா. காயை வாயில வச்சுக்கிட்டுத்தான் யோசிப்பா.”

கடையைக்கூடச் சாத்தாமல் என் வண்டியில் ஏறிவிட்டார். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து என் போனில் அடித்துக்கொண்டே வந்தார். வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

“வெரசாப் போங்க தம்பி.”

மகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இன்றும் நான் அந்தத் தெருவில் திரும்பினால் அண்ணாச்சி எழுந்து நின்றுவிடுகிறார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று நான் சொல்லும்வரை என் முகத்தையே பார்க்கிறார்.