பேத்தி ஓடினாள், எனக்கு மாலை வந்தது

மூன்றாம் வகுப்போடு சரி என் படிப்பு. பலாப்பழத்தைத் தலையில் சுமந்து அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கியவன், இன்று மலைமேல் எங்கள் குண்டனி நாட்டில் மிளகுத் தோட்டமும் ஜீப்பும் வைத்திருக்கிறேன். உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. மனசு உடைந்து படுத்ததும் இல்லை.

என் மகளின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பரீட்சையில் தவறியதும், இனிப் படிக்கப் போவதில்லை என்று என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறாராம். தினமும் ஓடு, மனசு தெம்பாகும் என்று அவர் போனில் சொல்ல, இவளும் விடிந்ததும் ரோட்டில் ஓடத் தொடங்கினாள். தெம்புதானே வேண்டும், ஏணி ஏறி மிளகு பறி என்றேன். பறித்தாள். ஓட்டத்தையும் விடவில்லை.

எங்கள் மலையில் சும்மா யாரும் ஓடுவதில்லை. இழவு, பாம்புக்கடி, இதற்குத்தான் ஓடுவோம். டீக்கடையில் இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். காதில் பாட்டு மாட்டியிருந்தவள் நிற்காமல் போய்விட்டாள். பெரியவர் போய்விட்டார் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள்.

வாசலில் நான் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மாலையை எங்கே மறைப்பதென்று தெரியாமல் பங்காளி ஒருவர் விழித்தார்.

"ஏனுங்க, நல்லாத்தான் இருக்கீங்களா?"

அத்தனை பேருக்கும் காபி போடச் சொன்னேன். எரிச்சல் தாங்கவில்லை. இனி ஓடக் கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஓட்டத்தை விட்டாள். சில நாளிலேயே மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வைத்த சோறு அப்படியே இருந்தது. தவறிய பரீட்சையைத் திரும்ப எழுதும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழி? விடிகாலையில் எழுப்பினேன். "ஓடித் தொலை கண்ணு. நானும் பின்னாடியே வாரேன்."

அவள் முன்னால் ஓட, நான் ஜீப்பை உருட்டிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நான் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். உயிரோடு இருப்பதைக் காட்டத் தினமும் ஊர்வலம் போனவன் இந்த மலையிலேயே நான் ஒருவன்தான். டீக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கும் இருக்கீங்களாங்க?"

ஒரு வெள்ளிக்கிழமை, கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்க நின்றவள் ஜீப்பருகே வந்தாள்.

"அப்புச்சி, திங்கக்கெழம பஸ் ஏறறனுங்க. பரீட்ச எழுதப் போறேன்."

அப்படியானால் நாளையிலிருந்து நான் வர வேண்டாம்தானே என்று கேட்டேன்.

"நாளைக்குச் சனிதானுங்க அப்புச்சி, இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வளைவில் திரும்பி ஓடினாள்.

முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டேன்.