ஒற்றைக்கால்காரர்

திருகிய பூட்டை மறுபடி திருகினார். மோனோபாட் என்கிற அந்த ஒற்றைக்கால் கேமராக் கம்பின் நான்கு துண்டுகளையும் இழுத்து நீட்டி, ரப்பர் பாதத்தைத் தரையில் மூன்று தரம் குத்தி, கேமரா தன் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். பதினோரு வருடமாக அவர் உயரமும் மாறவில்லை, அந்தக் கம்பின் உயரமும் மாறவில்லை. ஆனாலும் போகிற இடமெல்லாம் இந்த அளவெடுப்பு நடக்கும். முடியும்வரை யாரும் அவரோடு பேசக்கூடாது.

பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். ஒரு தோளில் கேமராப் பை, மறு தோளில் மகளின் பை, கையில் தண்ணீர் பாட்டில். அன்று அந்த மைதானத்தில் மகளுக்கு இருநூறு மீட்டர் ஓட்டம். முதலில் வரும் ஒருத்திக்குத்தான் மேல்மட்டப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். இரண்டாவதாக வருபவள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு வருடமாகப் பெண் இருட்டோடு எழுந்து ஓடிப் பழகுகிறாள். எழுப்பிவிடுவது அம்மா. அப்பாவும் அந்நேரம் விழித்திருப்பார், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தபடி.

பிழைப்புக்கு அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். "ஆடாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விட்றாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, ஆடுகிற எதையும் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருமுறை முழங்கை உடைந்து துடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் படத்தைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு!" என்று பூரித்துப் போனாராம். தச்சருக்கு இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது. ஏனோ சும்மா விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஒத்தக்கால்' என்று பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள். அவரோ அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல வைத்துக்கொண்டிருக்கிறார். "மூணு கால் ஸ்டாண்டு வச்சு எடுக்கிறவன் ஃபோட்டோகிராஃபர் இல்ல, சர்வேயர். வெறுங்கையில எடுக்கிறவன் குடிகாரன். கம்பு ஒரு கால், நம்ம கால் ரெண்டு. மூணும் சேந்தா மலை மாதிரி நிக்கும்" என்பார். சொன்னதோடு விடமாட்டார், நின்றும் காட்டுவார். கம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கால்களை அகட்டி, இடது உள்ளங்கையை லென்ஸின் முதுகில் அழுத்தி, மூச்சைப் பாதியில் நிறுத்தி. கம்பில் பூட்டியிருப்பது தூரத்துப் பறவைகளுக்கான முழநீள லென்ஸைத்தான். அதன் வாலில் கேமரா ஏதோ போனால் போகிறதென்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை தவத்துக்கும் விளைந்தது என்ன? ஒரு மீன்கொத்தியின் கண்மணியில் எதிர்மரத்துக் கிளை தெரிகிற படம் ஒன்று உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. "கிளை தெரியுதா? கிளையில இலை தெரியுதா?" அந்த மீன்கொத்தி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று மைத்துனர் ஒருநாள் கேட்டுவிட்டார். அவர் மறுபடியும் இலையைக் காட்டினார்.

வீட்டுச் சுவரில் பறவைகள்தான் மாட்டியிருக்கும். மனைவி, மகள் படம் ஒன்றுகூடக் கிடையாது. பதினைந்தடிக்கு உள்ளே யார் வந்தாலும் அந்த லென்ஸுக்குக் கண் தெரியாது. "என்னைப் படம் எடுக்கணும்னா நான் பக்கத்து வீட்டு அடுப்படியில போய் நிக்கணும்" என்று அவள் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அவளுக்கு அது ஆறாத கோபம்.

அன்று அவர் நின்ற இடம் மட்டும் சரியாக வாய்த்தது. முடிவுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், வேலியோரம், அறுபதடி தள்ளி. மகளுக்காகத் தேடிய இடமில்லை. வெயில் முதுகுப்பக்கம் இருந்தது, அதனால் நின்றார்.

துப்பாக்கி வெடித்தது. வளைவு திரும்பியதும் மகளும் நீலச்சட்டைப் பெண் ஒருத்தியும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல வந்தார்கள். மனைவி பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். அவர் கத்தவில்லை. கத்தினால் கம்பு ஆடும். கேமரா தையல் மிஷின் மாதிரி படபடத்து ஓய்ந்தது.

கோட்டருகே நடுவர்கள் கூடினார்கள். அங்கே இயந்திரம் எதுவும் கிடையாது, கண்தான் சாட்சி. தலைமை நடுவர் மகளின் எண்ணை முதலில் எழுதினார். நீலச்சட்டையின் பயிற்சியாளர் விடவில்லை.

"கை முன்னாடி போனா கணக்கில்ல சார், நெஞ்சு போகணும். எங்க பொண்ணு நெஞ்சுதான் முதல்ல."

"நாங்க பாத்தாச்சு. எழுதியாச்சு. போங்க."

பயிற்சியாளர் முணுமுணுத்தபடி திரும்பினார். மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் போறேன்மா! நான்தான் போறேன்!" அம்மா அவள் முகத்து வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்து, தானும் அழுதாள்.

பிறகுதான் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கேமராவின் திரையில் கண்ணைப் பதித்திருந்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. பெண் ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இப்படி ஏமாந்தாள்.

"சார்! ஒரு நிமிஷம் சார்!" கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் வேலியைச் சுற்றி நடுவரிடம் ஓடினார்.

அவள் மகளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "என்னங்க, இங்க வாங்க. உங்களை யாரும் கேக்கல."

"நீ சும்மா இரு. இப்படி ஒரு ஷார்ப் என் ஜென்மத்துல விழுந்ததில்ல."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி அதைப் பெரிதாக்கி வேறு காட்டினார். "கோட்டுக்கு நேரா நின்னு எடுத்தது சார். நம்பர் துணியில குத்தின ஊசி தெரியுதா? ஊசியில ஒரு நூல் சிக்கியிருக்கே, அது தெரியுதா?"

நடுவர் ஊசியைப் பார்க்கவில்லை. படத்தைச் சிறிதாக்கச் சொல்லிக் கோட்டைப் பார்த்தார். பயிற்சியாளரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். கோட்டின்மேல் நீலச்சட்டை நெஞ்சு. ஊசியும் நூலும் அதில்தான் இருந்தன. அதற்குப் பின்னால் மகளின் கை மட்டும் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது. கையைத் தவிர வேறொன்றும் தாண்டவில்லை.

"இது உங்க பொண்ணு நம்பரா?" நடுவர் திரையில் அந்த நெஞ்சிலிருந்த எண்ணின்மேல் விரலை வைத்துக் கேட்டார்.

அப்போதுதான் அப்பா அந்த எண்ணைப் படித்தார்.

நடுவர் தாளில் மகளின் எண்ணை ஒரு அடி அடித்து, மேலே வேறு எண்ணை எழுதினார். பயிற்சியாளர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்தப் பொண்ணுன்னும் பாக்காம நியாயத்தைக் காட்டினீங்களே. பெரிய மனசு சார் உங்களுக்கு."

பெரிய மனசாம். மனைவி வாய் வரை வந்த வார்த்தையை மகளுக்காக விழுங்கினாள்.

மகள் அழவில்லை. "அப்பா, நீங்க என்னைப் பாக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. திரையில் நடுவரின் விரல்ரேகை பதிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்து, வட்டம் வட்டமாகத் துடைத்தார். ரேகை போய்விட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.