மொச்சை உரித்தபடி கேட்ட கேள்வி

வீரபாண்டியில் குடும்பங்களின் சாப்பாட்டு நிலையை விசாரித்து எழுதும் வேலை என்னுடையது. “எல்லாரும் வயிறாரச் சாப்பிடுகிறீர்களா?” என்று வீடுவீடாக இருமுறை கேட்டேன். இருமுறையும், “ஆமாய்யா” என்றார்கள். பதில் மாறாததால் என் கேள்வி சரியானதென்று நம்பினேன்.

பிறகு என் கணக்கைச் சரிபார்க்க மதுரையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குட்டை உருவம், தடித்த கண்ணாடி. நான் கூட்டிப்போன எந்த வீட்டிலும் பெண்களோடு உட்கார்ந்து மொச்சை உரிக்கத் தொடங்கிவிடுவார்.

“நேத்து கடைசியாச் சாப்பிட்டது யாரு? பானையில என்ன மிச்சமிருந்துச்சு?”

“ஆம்பளைக சாப்பிட்டு எந்திரிச்சாக. பெறகு எங்களுக்குப் பானையில மிஞ்சுன நீச்சத்தண்ணிதான், தாயி” என்று சிரித்தாள் ஒருத்தி.

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றேன்.

“அய்யா பானையைக் கேக்கலையே!”

எனக்குப் பொறாமை பொங்கியது. என் வீட்டில் யாருக்கும் குறையில்லை, அங்கே அவர் தோற்பாரென்று அழைத்துப்போனேன். அங்கும் அதே கேள்வி. என் மனைவி என்னைப் பார்க்காமல், அவரிடம் நெடுநேரம் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் என்னிடம் பேசியதே இல்லை.