மரண அறிவித்தலில் பிழைத்த செய்தித்தளம்

எங்கள் செய்தித்தளத்துக்குச் சோறு போட்டவர்கள் செத்தவர்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி எழுதத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து நகைக்கடை, புடவைக்கடை விளம்பரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போனதாக ஒரு முதலாளி மெல்லச் சொன்னார். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார். மிஞ்சியது மரண அறிவித்தல். ஊரில் தாய் தகப்பன் இறந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு கட்டிப் போடுவார்கள். அதில் யார் குற்றம் பிடிக்க முடியும் என்று நினைத்தோம்.

காலையில் கண் விழித்ததும் தொலைபேசியைத்தான் பார்ப்பேன். யாரும் சாகாத கிழமைகளில் எனக்கு இருப்புக்கொள்ளாது. கூட வேலைசெய்த நண்பன்மீது எரிந்து விழுவேன். ஒரு சாவு வந்ததும் மனம் ஆறும். அடுத்த நிமிடமே என்மேல் எனக்கு அருவருப்பு வரும்.

வலிகாமத்தில் படையினர் பிடித்து வைத்திருந்த காணிகள் பற்றி ஒரு தொடர் எழுதினோம். மூன்றாம் பகுதி வந்த மறுநாள் சிவில் உடையில் இருவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். நீதிமன்றக் கட்டளை கொண்டுவாருங்கள் என்றேன். ஒருவர் சிரித்தார், இருவரும் எழுந்து போனார்கள். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பண்டத்தரிப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். பத்து மாதங்களுக்கு முன் அவருடைய கணவரின் அறிவித்தலைப் போட்டிருந்தோம். அதன் அச்சுப்பிரதி அவர் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்த இருவர் அதைக் காட்டி, உங்கள் மகன் இந்தத் தளத்துக்கு ஏன் காசு அனுப்புகிறான், வேறு யாருக்கெல்லாம் அனுப்புகிறான் என்று ஒரு மணித்தியாலம் குடைந்தார்களாம்.

வாங்கிப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி ஒன்றும் குறையவில்லை. இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ. அடியில் தகவல் தந்த மகனின் தொலைபேசி இலக்கம். ஒரு மருமகனின் பெயர் விட்டுப்போனாலும் சண்டைக்கு வருவார்கள் என்று இரண்டு தரம் சரிபார்த்து நானே ஏற்றியது. தரமாட்டேன் என்று வீரம் பேசிய பட்டியலை வருடக்கணக்காக நான்தான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மகன் அகதியாகப் போனவன். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதால், ஆண்டுத் திவசத்துக்கு வர விமான ரிக்கெற் எடுத்து வைத்திருந்தானாம்.

"வாறன் எண்டுதான் நிண்டவன், தம்பி. நான்தான் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அறிவித்தலைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே எடுத்தேன். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"திவசத்துக்கும் ஒண்டு போடவேணும். அதிலை என்ரை பேரை மட்டும் போடுங்கோ" என்றார். "பிள்ளையள் இல்லாத மனுசன் எண்டு சனம் நினைச்சா நினைக்கட்டும்."