கெரிங்கல் மலையை மீட்ட எனிட்

பள்ளிக்கூட கேன்டீனில் இருபத்தாறு வருஷம் மீட் பை என்ற இறைச்சிப் பணியாரம் சுட்டுக்கொடுத்த எனிட் டிரான்டர், ஓய்வு பெற்ற மறுநாளே கையுறையை மாட்டிக்கொண்டு கெரிங்கல் மலையில் ஏறிவிட்டாள். மலையின் மேற்குமுகம் அவள் அப்பா ஆல்ஃபும் கூட்டாளிகளும் வெடிவைத்துக் கல்லெடுத்த குவாரி. சிட்னியில் எத்தனையோ கட்டடங்களுக்குப் படிக்கல் அங்கிருந்துதான் போனது. கல்லெடுப்பு நின்றதும் ஊரார் தோட்டக் குப்பையை அங்கே கொட்டினார்கள். அதிலிருந்து கிளம்பிய ஐவிக்கொடி யூக்கலிப்டஸ் மரங்களின் கழுத்தை நெரித்தது.

எனிட் தினமும் அதைப் பிடுங்கினாள்.

"மலையக் கூட்டி முடிச்சிட்டு என் வாசலுக்கும் வாயேன்" என்பார் பக்கத்து வீட்டு கிளைவ்.

"உன் வாசல்ல வாலபி, அந்தக் குட்டிக் கங்காரு, வந்து மேயட்டும், வரேன்."

பதினோராம் வருஷம், கீழ்ச்சரிவு ஓடைப் பாறையில் கொடியை உரித்தபோது ஏழு நீளப் பள்ளங்கள் தெரிந்தன. வெண்ணெயில் விரலால் இழுத்தது போன்ற வழவழப்பு. எனிட் ஓடிப்போய் அந்த மண்ணின் பூர்வகுடிகளான குண்டுங்குரா இனத்து மூத்தவள், ஊரே மரியாதையாக ஆன்ட்டி என்றழைக்கும் ஜாய்ஸை அழைத்துவந்தாள்.

ஜாய்ஸ் பாறையில் உட்கார்ந்து ஒரு பள்ளத்துக்குள் கையை வைத்தாள்.

"அந்தக் காலத்துல கல்லுக் கோடாலி தீட்டின எடம். எங்க ஆளுங்க."

எனிட் பாறையோரம் உட்கார்ந்து அழுதாள். "எங்கப்பா இதுமாதிரி எத்தனய ஒடச்சாரோ, ஆன்ட்டி."

"ஒடச்சிருப்பாரு. நீ இதத் தொடச்சு எடுத்திருக்கியே. எந்திரி, அழுவாத."

அந்த மாதமே நகர சபை கூடியது. மலையுச்சியில் உணவு விடுதியும் கார் நிறுத்துமிடமும் கட்டத் திட்டம். "அங்க வெறும் களையும் கல்லும்தானே" என்றார் இளம் பொறியாளர்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனிட் எழுந்தாள். "களைதான் இருந்துச்சு, தம்பி. நான்தான் புடுங்கினேன். இப்ப என்ன இருக்குன்னு வந்து பாத்துட்டுப் பேசு."

சனிக்கிழமை எல்லோரும் ஏறினார்கள். குவாரிக் குழியில் ஆளுயரப் பெரணிகள் நின்றன. வெடிக்குத் துளையிட்ட தடங்களில் ஆர்க்கிட் பூத்திருந்தது. ஓடைப் பாறையருகே ஜாய்ஸ் பேச, பொறியாளர் தொப்பியைக் கழற்றினார்.

சபையில் திட்டம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது, மலை இயற்கைக் காப்பகமானது. நுழைவாயில் பலகையில் முதலில் குண்டுங்குரா மக்களைப் பற்றி எழுதினார்கள். கீழே கல்லுடைத்தவர்களின் பெயர்கள், ஆல்ஃப் டிரான்டர் உட்பட. கடைசி வரியில் எனிட்டின் பெயர்.

"எழுத்து சின்னதா இருக்கே" என்றார் கிளைவ்.

"பக்கத்துல வந்து படி" என்றாள் எனிட், நிமிர்ந்து நின்று.